பழைய அம்பாசடர் டேஷ்போர்டு: ஸ்குரு ஏறாவிட்டால், இறுகாவிட்டால், சத்தம் போட்டால் என்ன பார்ப்பது

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து ஷெட்டில் பல வருடம் தூங்கிய மார்க் 2 அம்பாசடரை வாங்கி, லாரியில் ஏற்றி, இருபது கொண்டை ஊசி வளைவும் இறக்கிச் சேலத்துக்குக் கொண்டுவந்தேன். இன்ஜின் வேலை நான் பயந்த அளவுக்கு இல்லை. டிங்கரிங்கும் பெயின்டும் பணத்தைத் தின்றன. நாளைத் தின்றது டேஷ்போர்டுதான். கழற்ற ஒரு மத்தியானம் ஆனது, திரும்பப் பூட்ட மூன்று வாரம். ஒரு கைப்பிடி அளவு ஸ்குருவால் வந்த வினை.

இதே வேலையில் இறங்கியிருப்பவர்களுக்காக அறிகுறிவாரியாக எழுதுகிறேன். உங்கள் வண்டி எந்த இடத்தில் முரண்டு பிடிக்கிறதோ அந்தத் தலைப்புக்குப் போகலாம். முதல் இரண்டு பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள், பின்னால் வருவதெல்லாம் அதை வைத்துத்தான்.

ஸ்குருவைத் தொடும் முன்

பேட்டரி டெர்மினலைக் கழற்றி வையுங்கள். டேஷ்போர்டுக்குப் பின்னால் கை விடும்போது திருப்புளி எதில் படும் என்று கண்ணுக்குத் தெரியாது.

அடுத்து, முப்பது குழி உள்ள முட்டை அட்டை ஒன்று. நாமக்கல்லுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதற்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு குழிக்கும் நம்பர் போட்டு, எந்த இடத்து ஸ்குரு எந்தக் குழியில் என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டினால் என் மூன்று வாரம் உங்களுக்கு இரண்டு மாதம் ஆகும்.

தடிமன் அளக்க ஒரு வெர்னியர், பிட்சை, அதாவது மரையின் (ஸ்குருவைச் சுற்றி ஓடும் வரியின்) ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் உள்ள இடைவெளியை அளக்க ஒரு பிட்ச் கேஜ், கைக்கடங்கிய டார்ச், பல் டாக்டர் கண்ணாடி மாதிரி ஒரு குட்டிக் கண்ணாடி, நீளக் கைப்பிடி உள்ள காந்தம். இவ்வளவு போதும். பிட்ச் கேஜில் மெட்ரிக் பக்கமும் இன்ச் பக்கமும் இரண்டும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் பெரும்பாலும் மெட்ரிக் மட்டும் உள்ளதைத்தான் எடுத்துக் கொடுப்பார்.

இனிதான் முக்கியமான விஷயம். கழன்று வந்த ஸ்குருவை நம்பாதீர்கள். நாற்பது ஐம்பது வருடத்தில் அந்த டேஷ்போர்டை எத்தனை எலக்ட்ரீஷியன், எத்தனை மெக்கானிக் திறந்திருப்பார்கள்! ஒவ்வொருவரும் தன் டப்பாவில் கிடந்ததைப் போட்டு மூடியிருப்பார்கள். என் வண்டியில் குளோவ் பாக்ஸ் மூடிக்கு நான்கு ஸ்குரு, நான்கும் நான்கு ஜாதி. அதில் ஒன்று கதவுக் கீலுக்குப் போடுகிற மர ஸ்குரு. அதைக் கடைக்கு எடுத்துப்போய் "இதே மாதிரி நாலு கொடுங்க" என்றிருந்தால் பழைய தப்பை நானே நான்கு மடங்காக்கியிருப்பேன்.

சாட்சி சொல்ல வேண்டியது துளை. அதன் மரை என்ன சொல்கிறது என்று பாருங்கள். துளையிலும் யாராவது புது மரை வெட்டி மாற்றியிருக்கலாம், அதனால் ஜோடியை ஒப்பிடுங்கள். டேஷ்போர்டில் பெரும்பாலான துளைகளுக்கு இடது வலதாக ஒரு ஜோடி இருக்கும். இரண்டும் ஒரே மரை சொன்னால் அது கம்பெனி மரை என்று எடுத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அங்கே ஏதோ ஒரு கை விளையாடியிருக்கிறது.

குழப்பம் எங்கிருந்து வருகிறது

நம் நாடு எடை, அளவுச் சட்டம் போட்டு மெட்ரிக் முறைக்குத் திரும்பியது 1956இல். அம்பாசடர் வந்தது அதே 1950களின் கடைசியில். ஆனால் அது பிரிட்டிஷ் காரான மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3இன் அச்சு. ஊர் மீட்டருக்கு மாறிக்கொண்டிருந்தபோது வண்டி மட்டும் இன்ச்சிலேயே நின்றுவிட்டது. 2014இல் மேற்கு வங்கத்து உத்தரபாராவில் தயாரிப்பு நிற்கும் வரை அந்தப் பரம்பரை வாசனை முழுதாகப் போகவில்லை. பத்மினி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலியில் பாதி கிடையாது. அது பியட் வழி, மெட்ரிக். மெட்ராஸில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருந்தால் நீங்களும் எங்கள் கட்சிதான்.

ஒரு பழைய அம்பாசடர் டேஷ்போர்டில் நீங்கள் சந்திக்கக்கூடியவை நான்கு குடும்பம்.

பாடியோடு சேரும் இடங்களில் யுஎன்எஃப், யுஎன்சி. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க, பிரிட்டிஷ் ஸ்குருக்கள் ஒன்றோடொன்று சேராமல் பட்ட பாட்டுக்குப் பிறகு, 1948இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் ஒத்துக்கொண்ட யுனிஃபைட் மரை இது. மரையின் கோணம் 60 டிகிரி. எஃப் என்றால் நெருக்கமான மரை, சி என்றால் அகலமான மரை.

மீட்டர், சுவிட்ச் போன்ற மின்சாரச் சாமான்களில் பிஏ. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரிட்டிஷ் அறிவியல் சங்கம் (பிரிட்டிஷ் அசோசியேஷன்) கடிகார வேலை, கருவி வேலைக்காக வகுத்தது. வேடிக்கை என்னவென்றால், பிரிட்டிஷ் பெயர் வைத்திருந்தாலும் அடிப்படை மில்லிமீட்டர்தான். 0 பிஏ என்பது 6 மில்லி தடிமன், 1 மில்லி பிட்ச். நம்பர் ஏற ஏற ஸ்குரு சின்னதாகும். கோணம் 47.5 டிகிரி. இந்த அரை டிகிரிக் கணக்கை ஞாபகம் வையுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

அலங்காரப் பட்டை, ஸ்பீக்கர் ஜாலி, குளோவ் பாக்ஸ் போன்றவற்றில் தகர ஸ்குரு, அதாவது செல்ஃப் டாப்பிங். 6ஆம் நம்பர் 3.5 மில்லி, 8ஆம் நம்பர் 4.2 மில்லி, 10ஆம் நம்பர் 4.8 மில்லி.

நான்காவது, பிற்கால மெக்கானிக்குகள் அன்பளிப்பாகக் கொடுத்த மெட்ரிக். எம்5, எம்6.

இதோடு நம் ஊர்ப் பேச்சளவு வேறு. ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல். கால் இன்ச் என்றால் இரண்டு நூல், மூன்றுபதினாறு இன்ச் என்றால் ஒன்றரை நூல். தச்சர், கம்பி கட்டுபவர், போல்ட் கடைக்காரர் எல்லோருக்கும் இந்த நூல் கணக்கு கைவந்தது. ஆனால் நூல் தடிமனை மட்டும்தான் சொல்லும், மரையைச் சொல்லாது. என் பிரச்சினையே அங்கேதான் தொடங்கியது.

அறிகுறி: இரண்டு மூன்று சுற்று ஏறி, அப்புறம் இறுகி நிற்கிறது. அல்லது ஏறுகிறது, ஆனால் உள்ளே ஆடுகிறது

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு போல்ட் நட் கடையில், மீட்டரைப் பின்னாலிருந்து பிடிக்கும் கிளாம்ப்பில் இருந்த ஸ்டட்டை (தலையில்லாத மரைக் கம்பியை) காட்டி நட் கேட்டேன்.

"ஒன்றரை நூல்தானுங்களே, இந்தாங்க."

வாங்கிவந்தேன், ஏறவில்லை. மறுநாள் போனேன். "அப்போ எம்5 போடுங்க சார், கரெக்டா இருக்கும்." எம்5 ஏறியது. ஏறி, லொடலொடவென்று ஆடியது.

அவர் மேல் தப்பில்லை. ஒன்றரை நூல் பக்கத்தில் நான்கு பேர் ஒரே சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார்கள்:

2 பிஏ: 4.70 மில்லி தடிமன், 0.81 மில்லி பிட்ச்.
மூன்றுபதினாறு விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் இன்ச் மரை): 4.76 மில்லி, இன்ச்சுக்கு 24 மரை, அதாவது 1.06 மில்லி.
10-32 யுஎன்எஃப்: 4.83 மில்லி, இன்ச்சுக்கு 32 மரை, அதாவது 0.79 மில்லி.
எம்5: 5.00 மில்லி, 0.80 மில்லி.

இதில் விட்வொர்த்தை எளிதாகக் கண்டுபிடிக்கலாம். மரை அகலம், கண்ணுக்கே தெரியும். கடைக்காரர் முதல் நாள் கொடுத்தது அதுதான். ஆபத்து மற்ற மூன்றில். பிட்ச் வித்தியாசம் ஒரு மில்லியில் நூறில் ஒன்று, இரண்டு. பிட்ச் கேஜை வைத்தால் மூன்றும் உட்கார்ந்த மாதிரியே இருக்கும். எனக்கு ஒரு வாரம் போனது இங்கேதான்.

அம்மா சொல்வார், ஒரு தோட்டின் திருகாணி இன்னொரு தோட்டில் ஏறாது, ஏறினாலும் நிற்காது என்று. அதே கதை. பிரித்துப் பார்க்க வழி இதுதான்.

தடிமனை அளந்து பாருங்கள். பழைய ஸ்குரு தேய்ந்து பட்டியல் அளவை விடக் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும். 4.9க்கு மேல் இருந்தால் எம்5. 4.65 பக்கம் இருந்தால் பெரும்பாலும் 2 பிஏ. 4.75, 4.8 என்று வந்தால் 10-32. நடுவில் இழுத்தடித்தால் பூதக்கண்ணாடி வைத்து மரையின் பல்லைப் பாருங்கள். பிஏ பல் கொஞ்சம் ஒடுங்கி, நுனி உருண்டையாக இருக்கும். யுஎன்எஃப் பல் விரிந்த முக்கோணம். 47.5க்கும் 60க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கு நன்றாகவே தெரிகிறது, ஒரு தடவை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டால்.

அப்புறம் விரல் சோதனை. திருப்புளி வேண்டாம், விரல் மட்டும். 2 பிஏ ஸ்குருவை 10-32 நட்டில் விட்டால் வழுக்கிக்கொண்டு போகும், போய் ஆடும். 10-32ஐ எம்5 நட்டில் விட்டாலும் ஆடும். இறுக்கினால் மரையின் நுனிகள் மட்டும் பிடித்து, நான்கு தடவை கழற்றி மாட்டுவதற்குள் வழித்துக்கொண்டு வந்துவிடும். எம்5ஐ 10-32 துளையில் விட்டால் ஓரிரு சுற்றில் கடிக்கும். 10-32ஐ 2 பிஏ துளையில் விட்டாலும் கடிக்கும். கடிக்கும் இடத்தில் "கொஞ்சம் எண்ணெய் விட்டு ஒரு அழுத்து அழுத்து" என்று சொல்ல ஒரு அனுபவஸ்தர் எப்போதும் பக்கத்தில் இருப்பார். கேட்காதீர்கள். கிளாம்ப் நட்டுகள் பித்தளை. எஃகு ஸ்குரு உள்ளே போனால் பித்தளையைச் சீவிப் புது மரை போட்டுவிடும், அதோடு அசல் மரை போயிற்று.

நான் கடைசியில் செய்தது: 2 பிஏ, 4 பிஏ, 10-32, கால் இன்ச் யுஎன்எஃப், எம்5, எம்6, ஒவ்வொன்றிலும் சந்தேகமில்லாத புது ஸ்குரு ஒன்றும் நட் ஒன்றும் வாங்கி, சாவிக்கொத்து மாதிரி ஒரு கம்பியில் கோத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டுக் கட்டினேன். அதற்குப் பிறகு எந்தத் துளையாக இருந்தாலும் கொத்தை எடுத்து விரலால் விட்டுப் பார்ப்பதுதான். எது நட்டின் முழு ஆழத்துக்கும் ஆடாமல், கடிக்காமல் போகிறதோ அதுவே விடை. மூன்று வாரத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் இந்தக் கொத்து.

என் வண்டியில் ஒரு மீட்டர் ஸ்டட் 2 பிஏ, பக்கத்து மீட்டர் 10-32. பழைய பிரிட்டிஷ் பாணி மீட்டர்களில் இரண்டுமே உண்டு. அதனால் ஒன்றை அளந்துவிட்டு மற்றதும் அதேதான் என்று எழுதிவிடாதீர்கள்.

இதே வகைக் குழப்பம் ஒரு படி மேலேயும் உண்டு. 0 பிஏவும் எம்6ம் தடிமனும் பிட்சும் அச்சு அசலாக ஒன்று, கோணம் மட்டும் வேறு. ஒன்றில் ஒன்று பெரும்பாலும் ஏறிவிடும். சுவிட்ச் தகட்டுக்கு ஓடும், எடை தாங்கும் இடத்துக்கு வேண்டாம். கால் இன்ச் யுஎன்எஃப் 6.35 மில்லி, எம்6ஐ அதில் விட்டால் தொளதொளவென்று இருக்கும். கால் இன்ச் யுஎன்சியும் கால் இன்ச் விட்வொர்த்தும் இரண்டும் 20 மரை. கோணம் 60, 55 என்று மாறினாலும் நடைமுறையில் ஒன்றுக்கொன்று ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அலங்கார வேலைக்கு நானும் கண்டுகொள்ளவில்லை.

துளை இருட்டில், கொத்துக்கும் அகப்படவில்லை என்றால் எம்சீல் இருக்கவே இருக்கிறது. துளைக்குள் கொஞ்சம் எண்ணெய் தடவி, எம்சீலைத் திரித்துச் சொருகி, இறுகியதும் திருகி எடுத்தால் மரையின் அச்சு கையில் வந்துவிடும். எண்ணெய் தடவ மறந்தால் துளை நிரந்தரமாக மூடிக்கொள்ளும். அதுவும் நடந்தது.

ஒரு எச்சரிக்கை. ஸ்டீயரிங் தண்டைத் தாங்கும் பிராக்கெட்டும் டேஷ்போர்டுக்கு அடியில்தான் இருக்கிறது. அந்த போல்ட்டுகள் இந்தச் சில்லறைக் கணக்கில் சேராது. அசல் யுனிஃபைட் போல்ட்டாக இருந்தால் தலையிலோ பக்கத்திலோ ஒட்டிக்கொண்ட குட்டி வட்டங்கள் பொறித்திருக்கும். மாற்றுவதென்றால் அதே மரையில், தலையில் வலிமையைக் காட்டும் கிரேடு குறி உள்ள போல்ட் மட்டும்.

அறிகுறி: சுற்றிக்கொண்டே இருக்கிறது, இறுகவே இல்லை

மூன்று காரணம் இருக்கலாம். பின்னால் கை விட்டு, ஸ்குருவைச் சுற்றச் சொல்லித் தொட்டுப் பாருங்கள்.

பின்னால் ஏதோ சேர்ந்து சுற்றினால் அது வெல்டு நட், வெல்டு விட்டுவிட்டது. மூக்குக் குறடால் நட்டைப் பிடித்துக் கழற்றி, மறுபடி வெல்டு வைக்க வேண்டும். பெயின்ட் அடித்த பிறகு கண்டுபிடித்தால் அழ வேண்டியதுதான். அதனால் பெயின்ட் கடைக்கு அனுப்பும் முன்பே எல்லா நட்டையும் ஒரு தடவை இறுக்கிச் சோதியுங்கள்.

சேர்ந்து சுற்றாமல், தகரத்தில் செருகிய ஸ்பிரிங் தகடு கையில் பட்டால் அது யூ கிளிப். அதன் நாக்கு விரிந்துபோயிருக்கும். குறடால் நெருக்கிப் பார்க்கலாம், ஆனால் அது பத்து நாள் வைத்தியம். புதுசு விலை அற்பம். வாங்கும்போது ஸ்குரு நம்பரோடு தகரத்தின் கனமும் பாருங்கள். கனத்துக்குப் பெரிய கிளிப் வாங்கினால் மாட்டும்போதே நழுவி உள்ளே விழும். ஒரு சொட்டு கிரீஸ் தடவி மாட்டினால் நிற்கும்.

ஒன்றுமே கையில் படவில்லை என்றால் தகர ஸ்குருவின் துளை பெரிதாகிவிட்டது. நம் பட்டறைகளின் கைவைத்தியம் 6ஆம் நம்பர் போய்விட்டால் 8, அதுவும் போனால் 10. பூட்டிவிடலாம், சரி. ஆனால் நம்பரோடு தலையும் பெரிதாகும். பட்டையின் பள்ளத்தில் அடங்காமல் துருத்திக்கொண்டு, தூரத்திலிருந்தே "நான் ஒரிஜினல் இல்லை" என்று சொல்லும். துளையைக் கொஞ்சம் விரித்து யூ கிளிப் போடுங்கள், பழைய நம்பருக்கே திரும்பலாம். ஓரம் எட்டாத இடமாக இருந்தால் ரிவெட் நட் (துளையில் ரிவெட் மாதிரி அடித்துப் பொருத்தும் நட்).

அறிகுறி: தலை உட்காரவில்லை

கடையில் "சிஎஸ்கே வேணுமா, பேன் ஹெட் வேணுமா" என்று கேட்பார்கள். கிரிக்கெட் இல்லை, கவுண்டர்சங்க். பள்ளத்தில் அமிழும் கூம்புத் தலை. அதிலேயே மேல்பக்கம் தட்டையானது ஒன்று, லேசாகக் குவிந்தது ஒன்று. பழைய வண்டிகளின் உள் அலங்காரத்தில் குவிந்த தலையும், அதற்கடியில் கிண்ணம் மாதிரி கப் வாஷரும்தான் அழகு. கப் வாஷர் இருந்த இடத்தில் வெறும் பேன் ஹெட் (பள்ளத்தில் அமிழாமல் மேலே நிற்கும் தலை) போட்டால் அடுப்படி அலமாரி மாதிரி ஆகிவிடும்.

கூம்பின் கோணமும் எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல. மெட்ரிக்கில் 90 டிகிரி, அமெரிக்க அளவில் 82. மாறிப் போட்டால் ஒரு விளிம்பில் மட்டும் உட்கார்ந்து, பெயின்டை வட்டமாகக் கீறும். நீளம் சொல்லும்போது கவனியுங்கள்: சிஎஸ்கேவுக்குத் தலையையும் சேர்த்து அளக்க வேண்டும், மற்றவற்றுக்குத் தலைக்குக் கீழிருந்து.

அறிகுறி: பூட்டிய பிறகு ஒரு லைட் எரியவில்லை, ஒயர் சுடுகிறது, கருகல் வாசனை

உடனே பேட்டரியைக் கழற்றுங்கள். நீளமான ஸ்குரு ஒயர்க் கட்டைக் குத்தியிருக்கிறது. இந்தக் காலத்து வண்டி மாதிரி எல்லா ஒயருக்கும் ஃப்யூஸ் காப்பு இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

தகர ஸ்குருவில் கூர் நுனி, மொட்டை நுனி என்று இரண்டு உண்டு. ஒயர் போகிற பக்கம் மொட்டை நுனிதான். ஹார்டுவேர் கடையில் எளிதாகக் கிடைப்பது கூர் நுனி என்பதால் வாங்கிவந்து நுனியை அரத்தால் தேய்த்துக்கொண்டேன். தகரத்துக்குப் பின்னால் நான்கைந்து மில்லிக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் அது நீளம் அதிகம்.

அறிகுறி: மீட்டர் லைட் மங்கல். அல்லது பெட்ரோல் முள், டெம்பரேச்சர் முள் இரண்டும் சேர்ந்து மேலே போய் நிற்கிறது

எலக்ட்ரீஷியனைக் கூப்பிடும் முன் ஸ்குருவைப் பாருங்கள். பழைய மீட்டர்களுக்கு எர்த் வருவதே கிளாம்ப், நட், தகரம் வழியாகத்தான். நாம் ஆசை ஆசையாக அடித்த புது பெயின்ட் நடுவில் உட்கார்ந்து கரண்டை மறிக்கிறது. கிளாம்ப்பின் கால் உட்காரும் இடத்தில், முன்பக்கம் தெரியாத பகுதியில் மட்டும், பெயின்டைச் சுரண்டிவிட்டு ஒரு பல் வாஷர் போடுங்கள். இன்னும் நல்லது, தனியாக ஒரு எர்த் ஒயர் இழுத்துவிடுவது.

வோல்டேஜ் ஸ்டெபிலைசர் உள்ள வண்டியில் அந்தக் குட்டி டப்பாவையும் ஒரு ஸ்குருதான் பாடியோடு பிடிக்கிறது, அதுவேதான் அதன் எர்த்தும். அந்த எர்த் விட்டால் மீட்டருக்குப் பத்து வோல்ட்டுக்குப் பதில் பேட்டரியின் முழு வோல்ட்டும் போகும். இரண்டு முள்ளும் ஒன்றாக உயர்ந்தால் இதுதான் முதல் சந்தேகம். டேங்க் காலியாக இருந்தும் முள் தெம்பாக நிற்பதை நம்பி ஏற்காடு ஏறினால் கோவிலுக்கு நடந்துதான் போக வேண்டும்.

அறிகுறி: சத்தம்

சேலத்து ரோட்டில் கேட்காத சத்தம் அடிவாரம் தாண்டியதும் கேட்கும். இரண்டாம் கியரில் இன்ஜின் முக்கிக்கொண்டு ஏறும்போது வரும் அதிர்வு, டேஷ்போர்டில் எது தளர்ந்திருக்கிறதோ அதைத் தேடிப் பிடித்து ஆட்டும். பின்சீட்டில் இருந்த என் மனைவி "யாரோ கொலுசு போட்டுட்டு நடக்கிற மாதிரி இருக்கு" என்றார். சேலத்தில் பிறந்தவர், கொலுசுச் சத்தத்தில் தப்பு வராது.

ஒருவர் ஓட்ட, இன்னொருவர் உள்ளங்கையால் ஒவ்வொரு இடமாக அழுத்திக்கொண்டே வர வேண்டும். எங்கே அழுத்தினால் சத்தம் நிற்கிறதோ அங்கே நோய். சலசலவென்ற மெல்லிய சத்தம் என்றால் அலங்காரப் பட்டை, அல்லது ஸ்குரு இல்லாத யூ கிளிப். கடகடவென்றால் குளோவ் பாக்ஸ் மூடி. வளைவுக்கு வளைவு ஒரே ஒரு "டொக்" என்றால் கனமான எதுவோ தன் கிளாம்ப்பில் நகர்கிறது, பெரும்பாலும் ஸ்பீடோமீட்டர். இடப்பக்க வளைவில் உருண்டு வலப்பக்க வளைவில் திரும்பினால், நீங்கள் வேலை செய்யும்போது உள்ளே தவறவிட்ட நட்.

சத்தம் கேட்டதும் எல்லா ஸ்குருவையும் இன்னும் ஒரு சுற்று இறுக்கும் பழக்கம் நமக்கு உண்டு. மீட்டர் கிளாம்ப்பை அப்படி இறுக்கினால் உடம்பு நெளியும், கண்ணாடி விரியும். விரலால் இறுக்கி, அதற்குமேல் கால் சுற்று, அவ்வளவுதான். மீட்டருக்கும் தகரத்துக்கும் நடுவில் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் காய்ந்து உதிர்ந்திருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் சத்தம் போகாது. பட்டைக்கு அடியில் மெல்லிய ஃபெல்ட் துணி, நட்டுக்கு அடியில் ஸ்பிரிங் வாஷர். என் கொலுசு நின்றது ஃபெல்ட்டில்தான்.

அறிகுறி: ஒரே மழைக்காலத்தில் ஸ்குருத் தலை பழுப்பு, பெயின்டில் செம்பழுப்புக் கோடு

ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் நிற்கிற வண்டிக்கு இது வரும். மெல்லிய ஜிங்க் பூச்சு திருப்புளி பட்ட இடத்தில் உரிந்து, அங்கிருந்து துரு தொடங்கும்.

இரும்பாலை ஊர்க்காரன் என்பதால் எனக்கு முதலில் தோன்றியது எவர்சில்வர். சேலத்தில் யாரிடம் கேட்டாலும் "எஸ்எஸ் போட்டுடுங்க, ஆயுசுக்கும் துருப்பிடிக்காது" என்பார்கள். அது துருப்பிடிக்காது என்பது சரிதான். ஆனால் மூன்று சங்கடம் இருக்கிறது. நாம் சாதாரணமாக வாங்கும் 304 வகை காந்தத்தில் சரியாக ஒட்டாது, டேஷ்போர்டுக்குள் விழுந்தால் காந்தக் குச்சியை வைத்துக்கொண்டு தேட முடியாது. எஸ்எஸ் ஸ்குருவில் எஸ்எஸ் நட் போட்டு வேகமாக இறுக்கினால் இரண்டும் கவ்விக்கொண்டு வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். மூன்றாவது, பழைய வார்ப்புச் சட்டங்கள் பல துத்தநாகக் கலவை. ஈரத்தில் எஸ்எஸ்ஸோடு ஒட்டி நின்றால் கரைவது துத்தநாகம்தான், வெள்ளைப் பொடியாக உதிரும்.

கண்ணில் படும் இடத்துக்குப் பித்தளையில் குரோம் அல்லது நிக்கல் பூச்சு, மறைவான இடத்துக்கு ஜிங்க் பூசிய எஃகு, மாட்டும் முன் மரையில் ஒரு சொட்டு கிரீஸ். எனக்கு இதுதான் திருப்தியாக இருந்தது.

அறிகுறி: தலை சிதைந்து, திருப்புளி வழுக்குகிறது

இன்னொரு தடவை முயற்சி செய்யாமல் நிறுத்துங்கள். மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து சொட்டுவிட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்கள். காலையில் சால்டரிங் அயர்னைத் தலையில் இரண்டு மூன்று நிமிடம் வைத்துச் சூடேற்றுங்கள். ஒயர் பக்கத்தில் தீ காட்டக்கூடாது. ஆறியதும் திருப்புளி நுனியில் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் கொஞ்சம் தடவி, அழுத்திப் பிடித்து, பின்னால் சுத்தியால் லேசாக இரண்டு தட்டு, அப்புறம் திருப்பு. பேஸ்டில் உள்ள துகள் வழுக்க விடாது. மைனஸ் ஸ்குருவாக இருந்தால் திருப்புளியின் அகலம் வெட்டுப் பள்ளத்தை முழுக்க நிரப்ப வேண்டும். பாதி தலைகள் சிதைவதே சின்னத் திருப்புளியால்தான்.

எங்கே தேடுவது

யுஎன்எஃப், விட்வொர்த் எல்லாம் சேலத்திலேயே கிடைக்கும், "ஒன்றரை நூல்" என்று மட்டும் சொல்லாமல் "இன்ச்சுக்கு 32 மரை" என்று சேர்த்துச் சொன்னால். லேத் பட்டறைக்காரர்களிடம் கேட்டால் கடையை விட நல்ல பதில் வரும், மரை அவர்களுக்குக் கைப்பழக்கம். பிஏதான் அலைய வைக்கும். பழைய வால்வு ரேடியோ, பழைய தொலைபேசிப் பெட்டி, லேப் கருவிகள் கழித்துப்போட்ட இடங்களில் பாருங்கள், அவற்றின் உள்ளே இருப்பதே பிஏதான். பழைய இரும்புக் கடையில் ஒரு ரேடியோ எலும்புக்கூட்டிலிருந்து எனக்கு 2 பிஏவும் 4 பிஏவும் கைநிறையக் கிடைத்தன. அசல் கிளாம்ப், வளைய நட் போன்றவற்றுக்குச் சென்னை புதுப்பேட்டை. போகும்போது சாவிக்கொத்தை மறக்க வேண்டாம்.

அறிகுறி: எல்லாம் பூட்டி முடித்த பிறகு அட்டையில் ஒன்று மிச்சம்

சிரிக்காதீர்கள், எல்லோருக்கும் வரும். போனில் எடுத்த படத்தில் அந்தக் குழியின் நம்பரைப் பாருங்கள். என் அட்டையில் 27ஆம் குழியில் ஒரு போல்ட்டும் ஒரு தகர வளையமும் நின்றன, படத்திலோ அந்தக் குழி மட்டும் மங்கல். எங்கே என்று தெரியாமலே வண்டியை எடுத்தேன். நான்கைந்து வளைவு ஏறியதும் ஸ்பீடோமீட்டர் முள் காற்றில் நாணல் மாதிரி இருபதுக்கும் நாற்பதுக்கும் நடுவே ஆடியது. ஓரமாக நிறுத்தி, தலைகீழாகக் குனிந்து டார்ச் அடித்தேன். ஸ்பீடோ கேபிளைத் தாங்கிப் பிடிக்கும் கிளிப் இல்லாமல் கேபிள் தொங்கி, வளைந்து, திணறிக்கொண்டிருந்தது. அங்கே ஒரு துளை. கொத்தை எடுத்து விரலால் விட்டேன். கால் இன்ச் யுஎன்எஃப்.

27ஆம் குழியில் இருந்தது எம்6.